ஒரு பிடி விதையோடு ஒரு கடிதம்: பெஞ்சமின் ஃபிராங்க்ளின் வாழ்க்கை விவசாயிகளுக்குச் சொல்லும் பாடம்



விதைப்புப் பருவம் நெருங்கும்போதெல்லாம் உங்களில் பலர் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. வெளியூர் போன உறவினர் ஒரு பொட்டலம் விதை கொண்டுவந்தார், நண்பர் ஒருவர் கூரியரில் புது ரகம் அனுப்பினார், விதைத் திருவிழாவில் ஒரு பிடி கிடைத்தது, இதைப் போடலாமா என்று கேட்பீர்கள். அப்போது நாங்கள் திருப்பிக் கேட்பது, விதையோடு என்ன விவரம் கொடுத்தார்கள் என்பதைத்தான். எந்த ஊர் விதை, எந்தப் பட்டத்துக்கு உரியது, எத்தனை நாள் பயிர், அறுத்ததை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டால், பெரும்பாலும் பதில் இருப்பதில்லை. பொட்டலம் மட்டும்தான் வந்து சேர்ந்திருக்கும்.

விதையோடு விவரத்தையும் சேர்த்து அனுப்புவது எப்படி என்பதை 250 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். இடிதாங்கியைக் கண்டுபிடித்த அமெரிக்கர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின்தான் அவர். பள்ளிப் புத்தகத்தில் மின்னலையும் பட்டத்தையும் வைத்து அவரை அறிந்திருப்பீர்கள். அவர் அனுப்பிய விதைகளில் ஒன்று பின்னாளில் அமெரிக்காவின் முக்கியப் பயிரானது. இன்னொன்று அந்நாட்டின் தெற்குப் பகுதிக்குத் தீராத களையானது. இரண்டிலும் நமக்குப் பாடம் இருக்கிறது.

மெழுகுவத்திக்காரர் மகன்

ஃபிராங்க்ளின் 1706 ஜனவரி 17 அன்று பாஸ்டன் நகரில் பிறந்தார். தந்தைக்கு மொத்தம் 17 பிள்ளைகள், இவர் 15-ஆவது. தந்தை மாட்டுக்கொழுப்பை உருக்கி மெழுகுவத்தியும் சோப்பும் செய்து விற்றவர். பத்து வயதிலேயே பள்ளியை விட்டு நின்ற பையன், தந்தையின் கடையில் திரி நறுக்குவதும் அச்சில் கொழுப்பு ஊற்றுவதுமாக இரண்டு ஆண்டுகள் வேலை செய்தார். அந்த வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. பிறகு அண்ணனின் அச்சகத்தில் தொழில் பழகினார். 17 வயதில் அங்கிருந்தும் ஓடிப்போய் பிலடெல்பியா சேர்ந்தார்.

அங்கே சொந்த அச்சகம் வைத்து முன்னேறினார். 1732 இறுதியில் அவர் வெளியிடத் தொடங்கிய பஞ்சாங்கம் ஆண்டுக்குப் பத்தாயிரம் பிரதிகள் வரை விற்றது. வேறு புத்தகம் எதுவும் வாங்காத குடியானவர் வீட்டிலும் அது இருந்தது. நாள், பிறை, சூரிய உதயம், வானிலைக் கணிப்பு இவற்றுக்கு இடையே சிக்கனத்தையும் உழைப்பையும் பற்றிய சிறு வாசகங்களை அவர் அச்சிட்டார்.

அவர் விவசாயமும் செய்து பார்த்தார். 1740-களின் இறுதியில் நியூ ஜெர்சியின் பர்லிங்டன் அருகே சுமார் 300 ஏக்கர் நிலம் வாங்கினார். தண்ணீர் தேங்கும் புல்வெளியில் வடிகால் வெட்டி, சிவப்புக் குளோவர் என்னும் பயறுவகைத் தீவனப் பயிரை விதைத்தார். எப்போது விதைத்தார், எந்த மண்ணில் வந்தது, எங்கே தோற்றது என்பதையெல்லாம், விவசாய நூல் எழுதிவந்த ஜேரட் எலியட் என்ற பாதிரியாருக்குக் கடிதத்தில் தெரிவித்தார்.

கண்டதை ஒளித்து வைக்காதவர்

குறைந்த விறகில் அறையைச் சூடாக்கும் அடுப்பு ஒன்றை ஃபிராங்க்ளின் வடிவமைத்தபோது, பென்சில்வேனியா ஆளுநர் அதற்குத் தனியுரிமை வழங்க முன்வந்தார். அவர் மறுத்துவிட்டார். பிறர் கண்டுபிடித்தவற்றால் நாம் பயன் பெறுகிறோம், அதனால் நாம் கண்டுபிடித்ததையும் தாராளமாகக் கொடுக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். இடிதாங்கிக்கும் அவர் காப்புரிமை வாங்கவில்லை. அதை எப்படி அமைப்பது என்ற செய்முறையைத் தம் பஞ்சாங்கத்திலேயே அச்சிட்டுவிட்டார்.

விதை விஷயத்திலும் அவர் இதே முறையைத்தான் கடைப்பிடித்தார். 1743-ல் பயனுள்ள அறிவைப் பரப்ப ஒரு சங்கம் வேண்டும் என்று அச்சிட்டு வெளியிட்டார். அச்சங்கம் பேச வேண்டிய பொருள்களின் பட்டியலில் புதிதாகக் கண்டறியப்படும் செடிகள், மரங்கள், வேர்கள், அவற்றின் பயன்கள், அவற்றைப் பெருக்கும் முறைகள் முதலில் இடம்பெற்றன. அந்த முயற்சியில் அவருக்குத் துணை நின்றவர்களில் ஒருவர் ஜான் பார்ட்ராம்.

பார்ட்ராம் ஒரு விவசாயி. தாமே படித்துத் தாவரவியல் கற்றவர். பிலடெல்பியா அருகே ஸ்கூல்கில் ஆற்றங்கரையில் 1728-ல் நிலம் வாங்கித் தோட்டம் போட்டார். காடு மலையெல்லாம் குதிரையில் அலைந்து விதை சேகரித்தார். லண்டன் துணி வணிகர் பீட்டர் காலின்சன் வழியாக அந்த விதைகளைப் பெட்டி ஒன்றுக்கு 5 கினி விலையில் இங்கிலாந்தின் தோட்டக்காரர்களுக்கு விற்றார். ஃபிராங்க்ளினின் மின்சார ஆய்வு தொடங்குவதற்குக் காரணமான கண்ணாடிக் குழாயை லண்டனிலிருந்து பிலடெல்பியா நூலகத்துக்கு அனுப்பிவைத்தவரும் இதே காலின்சன்தான். விதையும் அறிவும் அந்நாளில் ஒரே கப்பலில், ஒரே நண்பர் வட்டத்துக்குள் பயணம் செய்தன.

1770 ஜனவரி 11 கடிதம்

அந்த ஆண்டுகளில் ஃபிராங்க்ளின் பென்சில்வேனியா முதலிய குடியேற்றங்களின் பிரதிநிதியாக லண்டனில் இருந்தார். வரிப் பிரச்சினையில் பிரிட்டிஷ் அரசோடு உறவு கசந்துகொண்டிருந்த நேரம் அது. அந்த வேலைகளுக்கு நடுவே அவர் பார்ட்ராமுக்குக் கைப்பட ஒரு கடிதம் எழுதினார். எழுதியவருக்கு 64 வயது ஆக இன்னும் ஆறு நாள் இருந்தது. பெறுபவருக்கு 70 வயது.

பார்ட்ராம் முன்னதாக ஒரு பொட்டலம் விதை அனுப்பியிருந்தார். அதற்கு நன்றி சொல்லும் ஃபிராங்க்ளின், அதற்கு ஈடாகத் திருப்பி அனுப்பத் தம்மிடம் விதை இல்லையே என்று வருந்துகிறார். ஆனாலும் மூன்று வகை விதைகளை அனுப்புகிறார். அவற்றை எப்படி விவரிக்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

முதலாவது, பார்ட்ராம் கேட்டிருந்த உண்மையான ருபார்ப் விதை. இதன் வேர் அக்காலத்தில் விலை உயர்ந்த மருந்து. போலிச் சரக்கு நிறைய உலவியது. ஆகவே இந்த விதை யாரிடமிருந்து கிடைத்தது, அவர் இதைப் பெருக்கியதற்காக லண்டன் கலைச் சங்கத்தின் பதக்கம் பெற்றவர் என்பதையும் ஃபிராங்க்ளின் குறிப்பிடுகிறார். இன்று சான்று அட்டையைப் பார்த்து விதை வாங்குகிறோம் அல்லவா, அதுபோலத்தான் இதுவும்.

இரண்டாவது, உலர்ந்த பச்சைப் பட்டாணி. சூப் வைக்க இங்கே இதைத்தான் சிறந்ததாகக் கருதுகிறார்கள் என்று அதன் பயனைச் சொல்லி அனுப்புகிறார்.

மூன்றாவது, சீனாவிலிருந்து வந்த ஒரு பயறு. கொண்டைக்கடலையைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லை ஒட்டிய பெயரால் அதை அவர் குறிப்பிடுகிறார். உண்மையில் அது சோயா மொச்சை. சீனாவில் பல ஆண்டுகள் இருந்த நவரெட்டே என்ற ஸ்பானியப் பாதிரியார், அந்நாட்டில் ஏழை பணக்காரர் எல்லோரும் இந்தப் பயறிலிருந்து ஒரு வகைப் பாலாடைக்கட்டி செய்து உண்கிறார்கள் என்று எழுதியிருந்தார். அதைப் படித்த ஃபிராங்க்ளினுக்கு ஆர்வம் தாங்கவில்லை. சீனாவில் நெடுங்காலம் வணிகம் செய்த ஜேம்ஸ் ஃபிளின்ட் என்பவரிடம் செய்முறையைக் கேட்டு வாங்கினார். பயறை வெந்நீரில் ஊறவைத்து, கல் இயந்திரத்தில் தண்ணீர் விட்டு அரைத்து, வடிகட்டிக் காய்ச்சுவது என்று ஃபிளின்ட் எழுதிக் கொடுத்த விவரத்தையும் விதையோடு சேர்த்து அனுப்பினார். இன்று நாம் டோஃபு என்று கடையில் வாங்குவது இதுதான். அமெரிக்கர் ஒருவர் டோஃபுவைப் பற்றி எழுதிய மிகப் பழைய குறிப்பாக இந்தக் கடிதத்தைத்தான் கருதுகிறார்கள்.

இந்தக் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் வேறு. தமக்குத் தெரியாததையும் ஃபிராங்க்ளின் தெளிவாக எழுதுகிறார். நம் ஊரிலும் இந்தப் பெயரில் ஒரு பயறு உண்டு, ஆனால் அதுவும் இதுவும் ஒன்றா என்று தமக்குத் தெரியாது என்கிறார். இது நல்ல மகசூல் தரும் என்பதைத் தாம் கண்டதாகச் சொல்லவில்லை, பிறர் சொல்லக் கேட்டதாகவே சொல்கிறார். பாலைத் திரிக்க உப்பிலிருந்து வடியும் ஏதோ ஒன்றைச் சேர்க்கிறார்களாம், அது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளாக இருக்கலாம் என்று தம் ஊகத்தை அடைப்புக்குறிக்குள் தனியாகப் போடுகிறார். அந்த ஊகம் தவறு. உப்பு விளைந்தபின் மிஞ்சும் கசப்பு நீரையும் ஜிப்சத்தையும் கொண்டுதான் சீனர்கள் சோயாப் பாலைத் திரித்தார்கள். கேட்டதையும் ஊகித்ததையும் அவர் கலக்காமல் எழுதியதால்தான், தவறு எங்கே இருக்கிறது என்பதை இன்று நம்மால் எளிதில் பிரித்துப் பார்க்க முடிகிறது.

அந்தச் சோயா என்ன ஆயிற்று?

அமெரிக்காவுக்குச் சோயாவைக் கொண்டுவந்தவர் ஃபிராங்க்ளின் என்று சிலர் எழுதுவதுண்டு. அது சரியல்ல. சாமுவேல் போவன் என்பவர் சீனாவிலிருந்து கொண்டுவந்த சோயா விதை 1765-லேயே ஜார்ஜியாவின் சவானா அருகே பயிரிடப்பட்டது. ஆனாலும் போவன் கொண்டுவந்த விதையாலும் சரி, ஃபிராங்க்ளின் அனுப்பிய விதையாலும் சரி, சோயா அங்கே உடனே பெரிய பயிராகிவிடவில்லை. அதற்கு 20-ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதற்குச் சந்தை, உணவுப் பழக்கம் என்று பல காரணங்கள் உண்டு. பயிரியல் நோக்கில் இரண்டை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, சோயா பகல் பொழுதின் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் பயிர். ஓர் இடத்தில் உரிய காலத்தில் பூக்கும் ரகம் வடக்கே தொலைவில் கொண்டுபோனால் தாமதமாகப் பூத்து, காய் முற்றுமுன் குளிரில் மாட்டிக்கொள்ளும். இரண்டு, சோயாவின் வேரில் முடிச்சு போட்டுத் தழைச்சத்து சேர்க்கும் பாக்டீரியா தனி இனம். பயிர் புதிதாகப் போகும் மண்ணில் அது பெரும்பாலும் இருக்காது. வேர் முடிச்சுகளின் வேலை அறிவியலுக்குத் தெளிவானதே 1880-களில்தான். ஃபிராங்க்ளின் எவ்வளவு கவனமாக எழுதினாலும் இந்த விவரம் அவருக்குக் கிடைத்திருக்க வழியில்லை.

மெழுகு மரத்தின் கதை

1772 அக்டோபரில் ஃபிராங்க்ளின் ஜார்ஜியாவிலிருந்த மருத்துவர் நோபல் விம்பர்லி ஜோன்ஸுக்கு விதை அனுப்பினார். ஜார்ஜியா குடியேற்றத்துக்கும் அப்போது அவர் பிரதிநிதி. தண்ணீர் தேக்காமல் விளையும் மேட்டு நெல் விதை அதில் இருந்தது. அது இன்றைய வியட்நாமின் ஒரு பகுதியான கொச்சின் சீனாவிலிருந்து வந்தது. அதனுடன் சீன மெழுகு மரத்தின் சில விதைகளையும் வைத்தார்.

இம்மரத்தின் விதைமேல் வெள்ளை மெழுகுப் பூச்சு உண்டு. சீனர்கள் அதை எடுத்து மெழுகுவத்தி செய்தார்கள். மாட்டுக்கொழுப்பு உருக்கிய வீட்டில் வளர்ந்தவருக்கு, மரத்திலேயே மெழுகு காய்க்கிறது என்றால் அதன் அருமை தெரியாமல் இருக்குமா? உங்கள் ஊரில் இது நன்றாக வளரும் என்று நம்புவதாகவும், மிகப் பயனுள்ள மரம் என்றும் எழுதினார்.

அவர் நம்பியது பலித்தது. மரம் நன்றாகவே வளர்ந்தது. பறவைகள் விதையைத் தின்று பரப்பின, ஓடும் தண்ணீரும் கொண்டுபோய்ச் சேர்த்தது. இன்று வட கரோலினாவிலிருந்து டெக்சாஸ் வரை ஈர நிலங்களிலும் புல்வெளிகளிலும் மண்டி, உள்ளூர் மரம் செடிகளை அமுக்கும் களை மரமாக அது நிற்கிறது. வெட்டினால் அடியிலிருந்து தழைக்கிறது. நம் ஊர்ச் சீமைக்கருவேலத்தோடு மல்லுக்கட்டும் உங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பழி முழுவதையும் ஃபிராங்க்ளின் மீது போடுவதும் நியாயமல்ல. ஜார்ஜியா, தென் கரோலினா பகுதி மரங்கள் அந்தப் பழைய வரவின் வழிவந்தவையாகத் தெரிகின்றன. வளைகுடாக் கடற்கரையில் பரவியிருப்பவை பெரும்பாலும் 1900-க்குப் பின் அமெரிக்க அரசுத் துறை கொண்டுவந்த விதையிலிருந்து வந்தவை என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. படித்த விஞ்ஞானிகளே அதே தவற்றை மீண்டும் செய்திருக்கிறார்கள். என்னைப் போன்ற வேளாண் விஞ்ஞானிகள் இதை மறக்கக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஜார்ஜியாவின் நெல் வயல்களில் உழைத்தவர்கள் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்க மக்கள். ஃபிராங்க்ளினும் தம் வீட்டில் அடிமைகளை வைத்திருந்தவர்தான். 1787-ல் பென்சில்வேனியா அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவராகி, 1790-ல் அடிமை முறைக்கு எதிரான மனுவில் கையெழுத்திட்டார். அது அவர் வாழ்வின் கடைசிக் கட்டத்தில் நடந்தது.

அவர் பெயரைத் தாங்கிய மரம்

1765-ல் ஜார்ஜியாவின் அல்டமஹா ஆற்றங்கரையில் பார்ட்ராமும் அவர் மகன் வில்லியமும் அதுவரை யாரும் பதிவு செய்யாத சிறு மரம் ஒன்றைக் கண்டார்கள். சில ஆண்டுகள் கழித்து வில்லியம் மறுபடி அங்கே சென்று விதை சேகரித்துத் தங்கள் தோட்டத்தில் வளர்த்தார். வெள்ளைப் பூ பூக்கும் அந்த மரத்துக்குத் தந்தையின் நண்பரை நினைத்து ஃபிராங்க்ளினியா என்று பெயர் சூட்டினார்.

அந்த மரத்தைக் காட்டில் கடைசியாகப் பார்த்ததாக உறுதியான பதிவு 1803-ஆம் ஆண்டுக்குரியது. அதன்பின் எவ்வளவோ பேர் தேடியும் காட்டில் அது கிடைக்கவில்லை. இன்று உலகத் தோட்டங்களில் உள்ள ஃபிராங்க்ளினியா மரங்கள் எல்லாம் பார்ட்ராம் தோட்டத்திலிருந்து கைமாறிச் சென்றவற்றின் வழிவந்தவை. விதையைப் பங்கிட்டுக்கொண்டதால்தான் அந்த இனம் அழியாமல் மிஞ்சியது. பார்ட்ராம் 1777-ல் காலமானார். ஃபிராங்க்ளின் 1790 ஏப்ரல் 17 அன்று 84 வயதில் மறைந்தார்.

நீங்கள் செய்ய வேண்டியவை

விதைப் பரிமாற்றம் நம் விவசாயத்தின் உயிர். நீங்கள் விளைவித்த விதையைச் சேமிக்கவும் மற்ற விவசாயிகளோடு பகிரவும் பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 2001 உங்களுக்கு உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையை வணிகப் பெயரிட்டு விற்பதை மட்டும் அது அனுமதிப்பதில்லை. அந்த உரிமையைப் பயன்படுத்தும்போது கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடியுங்கள்.

விதை கொடுக்கும்போது பொட்டலத்துக்குள் ஒரு தாள் வையுங்கள். பயிர், ரகத்தின் பெயர், உங்கள் ஊரில் வழங்கும் பெயர், விதை எடுத்த மாதம், மண் வகை, பட்டம், வயது, சமைக்கும் முறை ஆகியவற்றை எழுதுங்கள். நீங்கள் கண்டது எது, கேள்விப்பட்டது எது என்பதைப் பிரித்து எழுதுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள்.

விதை வாங்கும்போது முதலில் 50 விதையை ஈரத்துணியில் சுற்றி முளைப்புத்திறன் பாருங்கள். முதல் பருவத்தில் ஓரிரு சென்ட் நிலத்துக்கு மேல் போடாதீர்கள். பக்கத்திலேயே உங்கள் வழக்கமான ரகத்தையும் விதைத்து ஒப்பிடுங்கள். பயறு வகையாக இருந்தால் அந்தப் பயிருக்கு உரிய ரைசோபியத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதைநேர்த்தி செய்து, நிழலில் உலர்த்தி விதையுங்கள். சோயா மொச்சைக்கு உளுந்தின் ரைசோபியம் உதவாது.

வெளிநாட்டு விதையானால் ஒரு பொட்டலமாக இருந்தாலும் கவனம் தேவை. 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றும் இல்லாமல் விதையைத் தபாலிலோ பையிலோ கொண்டுவரக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத பூஞ்சையும் நச்சுயிரியும் விதையோடு வரலாம். கேட்காமல் வந்த வெளிநாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் அருகிலுள்ள வேளாண்மை அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.

புது மரமோ செடியோ வைக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். பறவை இதன் விதையைப் பரப்புமா? வெட்டினால் மறுபடி தழைக்குமா? ஆடு மாடு கடிக்காமல் விடுமா? மூன்றுக்கும் ஆம் என்று பதில் வந்தால், எவ்வளவு பயனுள்ள மரம் என்று சொன்னாலும், எங்களைக் கேட்காமல் நட வேண்டாம்.

இந்த மூன்றாவது வகைக் கேள்வியை ஃபிராங்க்ளின் காலத்தில் யாரும் கேட்கவில்லை. மற்றபடி விதை எங்கிருந்து வந்தது, எதற்குப் பயன்படும், தமக்கு எது தெரியாது என்பதையெல்லாம் எழுதி அனுப்பும் பழக்கம் அவரிடம் இருந்தது. அடுத்த முறை ஒரு பிடி விதையைத் துணியில் முடிந்து கொடுக்கும்போது, ஐந்து நிமிடம் ஒதுக்கி அந்தத் தாளையும் எழுதி வையுங்கள். வாங்கிச் செல்பவருக்கு ஒரு பருவம் வீணாகாமல் அது காப்பாற்றும்.